ஏறுவோரும் ஏற்றப்படுவோரும்: ‘ஷிப்’ என்னும் ஆங்கில வினை பற்றிய ஓர் ஆய்வுக் குறிப்பு

சொற்களின் வரலாற்றைச் சமுதாய வரலாற்றோடு இணைத்து நோக்கிய முயற்சிகளுள் றேமண்ட் வில்லியம்ஸ் 1976இல் வெளியிட்ட ‘கீவேர்ட்ஸ்’ என்னும் நூல் விதந்து கூறத்தக்கது. பண்பாடு, வர்க்கம், கைத்தொழில், ஜனநாயகம் முதலான சொற்கள் ஆங்கிலச் சமுதாயத்தின் மாற்றங்களுடன் எவ்வாறு பொருள் மாறி வந்தன என்பதை அவர் நிறுவிக் காட்டினார். ஆயினும், அந்நூலில் இடம்பெறுவன பெரும்பாலும் கருத்துப் பெயர்களே. அறிவாளிகள் தமக்குள் விவாதித்துக்கொள்ளும் சொற்கள் அவை. துறைமுகத்திலும் பண்டகசாலையிலும் வழங்கும் சாதாரண வினைச்சொற்கள் இத்தகைய ஆய்வுக்கு உரியனவல்ல என்ற எண்ணம் நம்மிடையேயும் நிலவுகிறது. இது தவறு என்பது என் கருத்து. இதனை விளக்குவதற்குப் பொருள்களை அனுப்புதலைக் குறிக்கும் ‘ஷிப்’ என்ற ஒரு வினையை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

பழைய ஆங்கிலத்தில் இவ்வினை கப்பலேறுதலையும் கப்பல் உடையராதலையும் மட்டுமே குறித்தது. ஏறுபவனே அங்கு எழுவாய். ஏறத்தாழ 1300ஆம் ஆண்டளவில் சரக்கையோ ஆட்களையோ கப்பலில் ஏற்றி அனுப்புதல் என்னும் பொருள் தோன்றிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க ஆங்கிலத்தில் இன்னொரு மாற்றம் நிகழ்ந்தது: புகையிரதத்தில் அனுப்பிய சரக்கையும் இதே வினையாற் குறிக்கத் தொடங்கினர். கடல் கழன்று விழுந்தது, அனுப்புதல் எஞ்சியது. இன்று லொறியிலும் விமானத்திலும் செல்லும் பொதிக்கும் இவ்வினையே வழங்குகிறது. கணினி மென்பொருளை எழுதி முடித்துப் பயனருக்கு விடுவதையும் அத்துறையினர் இவ்வாறே கூறுகின்றனர். அங்கே ஏற்றுவதற்குச் சரக்கும் இல்லை, கப்பலும் இல்லை.

மொழியியலார் இதனைப் ‘பொருள் விரிவு’ என்று பெயரிட்டு அப்பாற் செல்வர். பெயரிடுதல் விளக்கமாகாது. இங்கு விரிந்தது பொருள் மட்டுமன்று. எழுவாயின் இடத்தில் நிற்பவனும் மாறிவிட்டான். தமிழ் இலக்கணம் இதனைத் தெளிவாகக் காண உதவுகிறது. ஏறு என்பது தன்வினை. ஏற்று என்பது பிறவினை. ‘கப்பலேறினான்’, ‘கப்பலேற்றினான்’, ‘கப்பலேற்றப்பட்டான்’ என மூன்று நிலைகளையும் ஓரொற்றின் இரட்டிப்பும் ஒரு துணைவினையும் பிரித்துக் காட்டிவிடுகின்றன. ஆங்கில வினையோ வடிவம் மாறாமல் ஏறுபவனுக்கும் ஏற்றுபவனுக்கும் பொதுவாக நிற்கிறது. (தமிழ் மறைப்பே அறியாத மொழி என்று பெருமைப்பட இடமில்லை. ‘மானம் கப்பலேறிவிட்டது’ என்னும்போது மானம் தானாகவே ஏறிப் போனதாகத்தான் நாமும் பேசுகிறோம். அதனை ஏற்றிவிட்டவர் யார் என்பது அத்தொடரில் இல்லை.)

‘இலிவர்ப்பூல் வணிகர் பருத்தித் துணியை ஷிப் செய்தார்’ என்ற வகை வாக்கியத்தை நோக்குவோம். வணிகர் துணியைத் தொட்டிருக்கவே மாட்டார். மூட்டை கட்டியவர், தோளிற் சுமந்தவர், பாய்மரம் ஏறியவர், மறுகரையில் இறக்கியவர் ஆகிய அனைவரது உழைப்பும் அவ்வினைக்குள் அடங்கிக் கிடக்கிறது. எழுவாயின் இடமோ சரக்கின் சொந்தக்காரருக்கு உரியது. ‘மூலதனம்’ இரண்டாம் தொகுதியில் மார்க்ஸ் போக்குவரத்துத் தொழிலைத் தனியாக ஆராய்ந்துள்ளார். அத்தொழில் விற்பது இடமாற்றத்தையே. அதற்குச் செலவாகும் உழைப்பு பண்டத்தின் பெறுமதியைக் கூட்டுகிறது என்பது அவரது முடிவு. பெறுமதியைக் கூட்டும் அந்த உழைப்பை ‘ஷிப்’ என்னும் வினை அனுப்புபவரின் செயலாக மாற்றித் தருகிறது.

கப்பல் தலைவன் சரக்கைப் பெற்றுக்கொண்டமைக்குச் சான்றாக வழங்கும் பத்திரத்தில் இது மேலும் வெளிப்படை. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பத்திரங்கள் இவ்வினையின் செயப்பாட்டு வடிவத்துடனேயே தொடங்கின. அடுத்து வருவது இறையருள். அதனை அடுத்து, நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது என்ற உறுதிமொழி. பின்னர் அனுப்பும் வணிகரின் பெயர். சீனியும் புகையிலையும் எழுதப்பட்ட அதே அச்சுப் படிவத்தின் வெற்றிடத்தில் ஆபிரிக்க அடிமைகளின் எண்ணிக்கையும் எழுதப்பட்டது. படிவத்தைத் திருத்த வேண்டிய தேவை எவருக்கும் ஏற்படவில்லை. வினையின் செயப்படுபொருள் இடம் அவர்களுக்கும் சீனிக்கும் வேறுபாடின்றித் திறந்திருந்தது.

இதன் கொடிய முடிவைச் ‘சொங்’ கப்பலின் வழக்கு காட்டியது. 1781இல் அக்கப்பலில் இருந்த 130க்கும் மேற்பட்ட ஆபிரிக்கர் கடலில் எறியப்பட்டனர். 1783இல் இலண்டனில் நடந்த வழக்கு, கொலை வழக்கன்று; இழந்த சரக்குக்குக் காப்புறுதிப் பணம் கோரிய வழக்கு. பிரதம நீதியரசர் மான்ஸ்பீல்ட் பிரபு இதனைக் குதிரைகளைக் கடலில் எறிந்த விடயத்தோடு ஒப்பிட்டே பேசினார்.

அச்செய்தியை அடிமை முறை எதிர்ப்பாளரான கிரான்வில் ஷார்ப்பிடம் கொண்டு சென்றவர் ஒலோடா இக்குவியானோ. அவர் 1789இல் வெளியிட்ட தன்வரலாறு, நான் இங்கு பேசும் வினையின் எல்லா இடங்களிலும் நின்ற ஒரு மனிதனின் கதை. அந்நூலைத் துன்பக் கதையாக மட்டும் படிப்பது அதன் ஆழத்தைக் குறைத்துவிடும். அவர் ஆபிரிக்காவிற் பிறந்தவரா, தென் கரோலினாவிற் பிறந்தவரா என்ற விவாதம் அண்மைக்கால ஆய்வாளரிடையே எழுந்துள்ளது. ஆவணங்கள் ஈர்க்கும் விவாதமே அது. ஆனால், 1762இன் இறுதியில் நிகழ்ந்ததை அது பாதிக்காது. ஏழாண்டுப் போரில் தாம் பணி செய்த கடற்படை அதிகாரியே தேம்ஸ் நதியில் வைத்துத் தம்மை வேறொரு கப்பல் தலைவனுக்கு விற்றுவிட, இக்குவியானோ மொன்செராற் தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கே அவர் ஏற்றப்பட்டவர். பின்னர் றொபேட் கிங் என்ற வணிகரின் உடைமையாக அவரது கப்பல்களிலேயே மாலுமியாக உழைத்தார். அங்கே அவர், வினை தன்னுள் மறைத்து வைக்கும் உழைப்பாளி.

மூன்றாவது நிலை மிகவும் நுட்பமானது. மூன்று பென்சு முதலோடு ஒரு கண்ணாடிக் குவளையை ஒல்லாந்தர் தீவொன்றில் வாங்கி, மொன்செராற்றில் ஆறு பென்சுக்கு விற்கிறார். இச்சிறு வாணிபம் வளர்ந்து, 1766இல் தம்மையே விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறார். சரக்காக இருந்தவர் சரக்கு அனுப்புபவராக மாறித்தான் மனிதராக முடிந்தது. இங்கு நாம் அவசரப்பட்டு வெற்றி முழக்கம் செய்யலாகாது. அடிமையாயிருந்த காலத்திலேயே வேறு அடிமைகள் சரக்காக ஏற்றப்பட்ட பயணங்களில் அவர்களைப் பொறுப்பேற்றிருந்ததை அவர் கூறுகிறார். விடுதலை பெற்ற பின்னும், 1776இல், மத்திய அமெரிக்காவின் மொஸ்கிற்றோக் கரைத் தோட்டமொன்றுக்காக அடிமைகளைத் தெரிவு செய்து வாங்குவதில் உதவினார். எழுவாயின் இடத்துக்கு வந்தவரும் அதே வாக்கியத்தையே உச்சரிக்க நேர்ந்தது. இதனை இக்குவியானோவின் ஒழுக்கக் குறையாக மட்டும் கண்டு தீர்ப்பு வழங்கும் விமர்சகர், அவருக்குத் திறந்திருந்த வேறு வாக்கியம் எது என்பதையும் சொல்லுதல் வேண்டும்.

இவ்வாறு கூறும்போது, முதலாளித்துவம் ஒரு சொல்லைத் தனக்கேற்ப வார்த்தெடுத்தது என்ற எளிய சூத்திரத்துக்குள் விழுந்துவிடக்கூடாது. ஜேர்மன் மொழியில் கப்பலடியாகப் பிறந்த இதற்கிணையான வினை இன்றும் பெரிதும் கடல்வழி அனுப்புதலையே குறிக்கிறது. ஜேர்மனியில் முதலாளித்துவம் வளரவில்லை என்று எவரும் சொல்லார். பிரெஞ்சு வணிகரின் வினையோ, காலைத் தளையிலிருந்து விடுவித்தல் எனப் பொருள்படும் இலத்தீன் அடியிலிருந்து வந்தது. பொருளாதார அடித்தளம் அகராதியை வரி வரியாக எழுதுவதில்லை. மொழியை மேற்கட்டுமானமாகக் கொள்ளலாகாது என்று 1950இல் ஸ்டாலின் எழுதியதை இவ்விடத்தில் நினைவுகூரலாம். ஆயினும், குறி என்பது வர்க்கப் போராட்டத்தின் களம் என்று வொலொஷினொவ் 1929இல் கூறியது எனக்கு அதிகம் பயனுடையதாகப் படுகிறது. ‘ஷிப்’ அத்தகைய களம். நமது பக்கத்திலும் இதற்குச் சான்றுண்டு. 1906இல் சுதேசிக் கப்பற் கம்பனியைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே சேவை நடத்திய வ. உ. சிதம்பரம்பிள்ளையைக் ‘கப்பலோட்டிய தமிழன்’ என்கிறோம். சுக்கான் பிடித்தவர் அவரல்லர். ஏகாதிபத்தியத்துக்கு எதிரான வாக்கியமும் எழுவாயைத் தேர்ந்தெடுக்கவே செய்கிறது.

பழைய தன்வினைப் பொருள் ஆங்கிலத்தில் முற்றாக அழியவில்லை. அது மாலுமிகளிடம் தங்கியது. ‘சமையற்காரனாக ஷிப் செய்தான்’ என்றால், கூலிக்கு ஒப்பந்தமாகிக் கப்பலேறினான் என்பது பொருள். 2020இல் கொரோனாத் தொற்றினால் துறைமுகங்கள் மூடப்பட்டு, ஏறத்தாழ 4,00,000 மாலுமிகள் ஒப்பந்தக் காலம் முடிந்தும் கரையிறங்க முடியாது கப்பல்களிலேயே அடைபட்டனர். அனுப்பப்பட்ட பொருள்கள் கரை சேர்ந்துகொண்டிருந்தன. ஏறியவன் இறங்குவதற்கும் இன்னொருவரின் அனுமதி வேண்டியிருந்தது.

ஹேர்மன் மெல்வில் 1851இல் வெளியிட்ட ‘மோபி டிக்’ நாவல் இப்பொருளின் இலக்கியச் சான்று. இஸ்மயில் பயணியாகக் கடலுக்குச் செல்வதில்லை. மாலுமியாகவே செல்கிறான், ஏனெனில் மாலுமிக்குக் கூலி உண்டு. கப்பலின் பங்காளி பில்டாட் அவனுக்கு இலாபத்தில் 777இல் ஒரு பங்கு தர முனைய, மற்றப் பங்காளி பெலெக் அதனை 300இல் ஒன்றாக எழுதுகிறான். வேதாகமத்தைப் படித்தவாறே பில்டாட் பேரம் பேசும் அக்காட்சி நகைச்சுவையாக எழுதப்பட்டது. கூலி உழைப்பின் ‘சுயாதீனம்’ பற்றிய அதன் அறிவு நகைச்சுவையன்று. கைச்சாத்திட்டு வெளியே வருபவனையும் அவன் தோழன் குவீகுவெக்கையும் எலியா என்ற விசித்திர மனிதன் வழிமறித்து, இதே வினையைக் கொண்டு ஒரு கேள்வி கேட்கிறான். அதனைத் தமிழாக்க முனைந்த மாணவர் ஒருவர் ‘கப்பலில் அனுப்பப்பட்டீர்களா?’ என்று எழுதிக் கொண்டுவந்தார். ‘ஏறிவிட்டீர்களா?’ என்பது இலக்கணப்படி சரி. ஆனால் இஸ்மயில் அப்போது இன்னும் கரையிலேயே நிற்கிறான். எலியாவின் அடுத்த கேள்வி, ஒப்பந்தத்தில் ஆன்மாவைப் பற்றி ஏதேனும் எழுதப்பட்டிருந்ததா என்பது. நான் ‘கைச்சாத்திட்டுவிட்டீர்களா?’ என்று திருத்திக் கொடுத்தேன். கப்பல் அதில் இல்லாமற் போயிற்று.