"இன்ப நாட்கள்": ஒரு மதிப்புரை

நாடு அடிமைப்பட்டுக் கிடக்கையில் எழுந்த ஓர் எழுத்தை எங்ஙனம் மதிப்பது? அதன் ஆவேசத்தைக் கொண்டா, அன்றி விடுதலைக்குப் பின் அது விளைத்த பயனைக் கொண்டா? பயனைக் கொண்டே மதித்தல் வேண்டுமென்பது நம் துணிபு.

ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரெஞ்சு நாட்டில், எதிர்ப்பியக்கத் தேசியக் கழகம் 1944 மார்ச் 15இல் ஏற்ற திட்டத்தை அவ்வளவுகோலாலேயே ஈண்டு ஆராய்கின்றோம். "இன்ப நாட்கள்" என்ற பெயரால் இரகசியமாகப் பரவிய சிற்றேடு அது. 8 போராட்ட இயக்கங்களும், 6 கட்சிகளும், 2 தொழிற்சங்கங்களும் அமர்ந்த கழகம் அது. 1943 மே மாதத்தில் அதனைக் கூட்டிய ழான் மூலேன் அடுத்த மாதமே பிடிபட்டு, வதைக்குள்ளாகி மாண்டார். ஆயினும் ஏட்டில் புலம்பல் இல்லை. முற்பகுதி பகைவனை வெளியேற்றும் வழியைக் கூறும். பிற்பகுதி அதன்பின் செய்யவேண்டுவனவற்றைக் கூறும்.

பிற்பகுதியின் அருமையை அக்கால நிலையை நோக்கி உணர்தல் வேண்டும். மீட்கப்படும் பிரெஞ்சு மண்ணைத் தம் இராணுவ நிர்வாகத்தில் வைக்க அமெரிக்கர் எண்ணியிருந்தனர். அங்கு வழங்க நோட்டும் அச்சடித்தனர். ஜெனரல் டிகாலின் ஆட்சியை அவர்கள் ஒப்பியது 1944 அக்டோபர் 23இல்தான். அத்தகைய வேளையில், எம் வீட்டை யாமே செப்பனிடுவோம் என்று திட்டங்காட்டியதினும் சிறந்த இராஜதந்திரம் வேறுண்டோ?

பயனும் விளைந்தது. 1945 அக்டோபரில் தொழிலாளருக்குச் சமூகக் காப்புறுதிச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பிரான்ஸ் வங்கியும், 1946இல் மின்சாரமும் எரிவாயுவும் நாட்டுடைமையாயின. தொழிற்சங்கங்கள் அக்கழகத்தில் அமர்ந்திருந்ததை வாசகர் நினைவிற்கொள்க.

இனிக் குறைகள். யாவர்க்கும் வாக்குரிமையை மீட்போமென்ற திட்டம், அவ்வுரிமை என்றுமே பெற்றிராத பெண்மக்களைப் பெயரிட்டுச் சொல்லவில்லை. ஆல்ஜியர்ஸ் ஆலோசனைச் சபையில் அவர்களுக்காக வாதாடியோர் இருந்தமையால், ஏப்ரல் 21இல் அக்குறை நீங்கிற்று. குடியேற்ற நாட்டு மக்களின் உரிமைகளுக்கோ ஒற்றை வரியே கிடைத்தது. அவ்வாண்டுத் தொடக்கத்தில் நடந்த பிராஸவில் மாநாடு தன்னாட்சியென்ற எண்ணத்தையே ஒதுக்கிவிட்டது. ஜெர்மனி பணிந்த வெற்றி நாளாகிய 1945 மே 8இல், அல்ஜீரியாவின் செத்தீப் நகரில் உரிமை கேட்டு ஊர்வலம் வந்தோர்மீது துப்பாக்கி பேசிற்று. தொடர்ந்த அடக்குமுறையில் மாண்டோர் பல்லாயிரவர். டிகாலின் குழுவிற்கு அடைக்கலம் தந்த நாடே அல்ஜீரியா!

ஆகவே, இவ்வேட்டை நாம் போற்றுகின்றோம், முழுமையென ஒப்போம். திட்டம் தீட்டும் சபையில் எவர்க்கு இடமில்லையோ, அவர்க்கு அத்திட்டத்தில் ஒரு வரிதான் மிஞ்சும்.