87 கருவி, ஒரே கைப்பிடி

ஏற்காட்டில் காப்பி அறுவடை முடிஞ்சதும் கவாத்து ஆரம்பிக்கும். காய்ந்த குச்சி, பின்னிக்கிடக்கும் கிளை, தண்டிலிருந்து நேராகக் கிளம்பும் போத்து எல்லாத்தையும் கழிக்கணும். அதுக்கு ஒரு கவாத்துக் கத்தரி, தடித்த கிளைக்குச் சின்ன ரம்பம். நிழல்மரம் ஏறுகிறவர் இடுப்பில் ஒரு அரிவாள். அவ்வளவுதான்.

இப்போ சுவிட்சர்லாந்தின் வெங்கர் கம்பெனி போட்ட ‘ஜயன்ட்’ கத்தியைப் பாருங்க. 2006-07 வாக்கில் வந்தது. 87 கருவி, 141 வேலை. எடை ஒரு கிலோவுக்கு மேல், அகலம் 20 சென்டிமீட்டருக்கு மேல். சுருட்டு வெட்டி, மீன் செதில் சுரண்டி, சைக்கிள் செயின் கழற்றி, லேசர் விளக்கு எல்லாம் உண்டு. கின்னஸிலும் ஏறிவிட்டது.

பாக்கெட்டில் நுழையாத பாக்கெட் கத்தின்னு சிரிப்பது சுலபம். என் குறை அளவைப் பற்றியது இல்லை, பிடியைப் பற்றியது. திருப்புளி வேலை செய்ய, அது கைப்பிடியோடு சேர்ந்து ஒரே அச்சில் சுழலணும். இதிலோ ஒரு ஓரத் திருப்புளியைத் திருகினால் முழுக் கட்டையும் வட்டமடிக்கும். பக்கத்தில் சுவர் இருந்தால் அதுவும் நடக்காது. ஒவ்வொரு கருவி சேரும்போதும் மற்ற 86-க்கும் பிடி கெடுகிறது. 141-ங்கிற கணக்கில் இந்தக் கழித்தல் வருவதே இல்லை.

இதன் மூதாதை, 1891-இல் வந்த சுவிஸ் சிப்பாய்க் கத்தி. அதில் நாலே கருவி: கத்தி, திருப்புளி, தகர டப்பா திறப்பான், துளையிடும் ஊசி. சிப்பாய் துப்பாக்கியைப் பிரிக்கணும், டப்பா உணவைத் திறக்கணும். நாலுக்கும் காரணம் உண்டு.

பூதக் கத்தியே கூடாதுன்னு சொல்லவில்லை. 1880 வாக்கில் ஜெர்மனியின் சோலிங்கனில், நியூயார்க் கடைக்காரர் ஹாலருக்காக நூறு அலகுள்ள கத்தி ஒன்று செய்தாங்க. அதில் குட்டிக் கைத்துப்பாக்கிகூட உண்டு. அது கடைக் கண்ணாடிக்குள் வைத்து ஆள் இழுக்கச் செய்தது. அதையே ஒளிவில்லாமல் செய்தது. ஜயன்டையும் அப்படி, வெங்கரின் மொத்தச் சரக்கையும் காட்டும் பட்டியலாகப் பார்த்தால் அருமையான வேலைப்பாடு. கத்தியாகப் பார்த்தால் தோல்வி.

நிழல்மரத்தில் இருப்பவர் ஒரு கையால் கிளையைப் பிடித்திருப்பார். மறுகை, பார்க்காமலே இடுப்புக்குப் போய் அரிவாளை எடுக்கும். 87-இல் எதுன்னு தேட அங்கே மூன்றாவது கை கிடையாது.