பாதிரி என்னும் சொல்

நம் ஆலயத்தின் எதிரேயுள்ள பேருந்து நிறுத்தத்திற்குப் 'பாதிரியார் பங்களா' என்று பெயர். அதனைப் 'பங்குத்தந்தை இல்லம்' என மாற்றக் கோரும் விண்ணப்பம் ஒன்று அண்மையில் நம் கையொப்பத்திற்கு வந்தது. பாதிரி என்பது அந்நியச் சொல், பிறர் அதனை ஏளனமாக வழங்குகின்றனர் என்பது விண்ணப்பித்தோர் வாதம். பாதிரி என்றாலும் தந்தை என்றுதானே பொருள், மாற்றுவானேன் என்றனர் வேறு சிலர். இரு சாராரும் சொல்லின் வரலாற்றைச் சற்று விரைந்தே கடந்துவிட்டனர்.

இதன் மூலம் இலத்தீனின் 'பாத்தெர்'. உரோமையர் பெற்றவனைக் குறிக்க 'கெனித்தோர்' என்ற வேறொரு சொல்லையும் வைத்திருந்தனர். 'பாத்தெர்' என்பதில் பாசத்தைவிட அதிகாரமே மிகுதி. குடும்பத் தலைவனுக்குத் தன் மக்களின் உயிர்மீதும் சட்டப்படி உரிமை இருந்தது. ஆட்சி மன்றத்து மூத்தோரும் இப்பெயராலேயே அழைக்கப்பட்டனர். திருச்சபை இச்சொல்லை எடுத்தாண்டபோது இவ்வதிகார வாடையும் உடன் வந்ததோ என்று நாம் ஐயுறுவதுண்டு.

அதன் வழித்தோன்றலான 'பாத்ரே', இசுபானிய மொழியில் பெற்ற தகப்பனையும் குருவையும் ஒருங்கே குறிக்கும். இத்தாலியில் துறவற சபைக் குருவே 'பாத்ரே'. மறைமாவட்டக் குருவோ 'தோன்', அதாவது தலைவர். போர்த்துக்கீசிய மொழியில்தான் விந்தை நேர்ந்தது. அங்கே தகப்பன் 'பாய்' ஆனான். 'பாத்ரே' குருவுக்கு மட்டுமே உரியதாயிற்று. ஒரே இலத்தீன் சொல் இரண்டாகப் பிரிந்து, ஒன்று வீட்டிலும் மற்றது கோயிலிலும் தங்கிவிட்டது. முத்துக்குளித்துறைக்கு வந்தது இந்தப் போர்த்துக்கீசியச் சொல்லே. ஆகவே பாதிரி என்றால் தந்தை என்று வாதிடுவோர் அறிய வேண்டியது, கப்பலேறும் முன்னரே அச்சொல் தகப்பனை இழந்துவிட்டது என்பதாகும்.

தமிழ் அதனைத் தன் நாவுக்கு ஏற்ப வளைத்தது. 'மெஸ்த்ரே' மேஸ்திரியானதுபோல், 'பாத்ரே' இடையில் இகரம் பெற்றுப் பாதிரியாயிற்று. அப்பெயருடைய மரம் ஒன்று இங்கே முன்பே இருந்தது. திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் தந்தது அம்மரமே, எவரும் நம்மை அதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்! 1606இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர், பரங்கியரோடு தம்மைச் சேர்த்து எண்ணலாகாதென்று ஐயர் கோலம் பூண்டார். ஒரு சொல் யாருடன் வந்திறங்கியது என்பதை மக்கள் மறப்பதில்லை என அவர் உணர்ந்திருந்தார்.

இதற்கு மிகக் கொடிய சான்று சப்பான். அங்கே 'பாத்ரே', 'பத்தேரென்' ஆயிற்று. ஒலிக்காகத் தேர்ந்த எழுத்துகளில் ஒன்று வானத்தைக் குறிப்பது. 1587இல் இதயோசி பிறப்பித்த ஆணை, பத்தேரென்களை நாட்டைவிட்டு வெளியேறப் பணித்தது. பின்னர் ஊர்தோறும் நின்ற அறிவிப்புப் பலகைகள், பத்தேரெனைக் காட்டிக்கொடுப்போர்க்கு வெள்ளிப் பரிசு அறிவித்தன. 1873இல்தான் அவை அகற்றப்பட்டன. இன்று அந்நாட்டில் குருவை 'சின்பு' என்கின்றனர். அதன் எழுத்துகள் தெய்வத்தையும் தந்தையையும் குறிப்பன. ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய இலத்தீன் சொல்லை இரத்தக்கறை காரணமாகக் கைவிட்டு, அதன் பொருளை மட்டும் வேறு வழியாக அவர்கள் மீட்டுக்கொண்டனர்.

சுமத்திராவில் 1821 முதல் 1837 வரை டச்சுக்காரரை எதிர்த்துப் போரிட்ட இசுலாமியச் சீர்திருத்தக்காரர் 'பாத்ரி' எனப்பட்டனர். பெடிர்த் துறைமுகத்தால் வந்த பெயர் என்பாரும், போர்த்துக்கீசியப் 'பாத்ரே' என்பாரும் உளர். பிலிப்பைன்சில் அது 'பாரி' எனத் தேய்ந்து வீட்டுச் சொல்லாகிவிட்டது. ஆங்கிலப் படைவீரரோ எச்சபையைச் சார்ந்த போதகரையும் அன்போடு 'பாத்ரே' என்பர்.

இனி விண்ணப்பத்திற்கு வருவோம். ஏளனம் பாதிரியில் இல்லை. 'ஆர்' விகுதி நீங்கும் இடத்தில் இருக்கிறது. தந்தை என்னும் சொல்லையும் ஏளனமாக உச்சரிக்க இயலும். மேலும், மண்ணுலகில் எவரையும் அப்பெயரால் அழைப்பது குறித்து மத்தேயு நற்செய்தியின் 23ஆம் அதிகாரம் தரும் எச்சரிக்கையை வாசித்தபின், 'தந்தை' எனப் பலகை எழுதித் தருமாறு அரசைக் கேட்க நமக்குக் கூச்சமாயிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை இரவில், பாம்பு தீண்டிய மகனைத் தோளில் சுமந்து ஒருவர் நம் கதவைத் தட்டினார். அவர் நம் சபையினர் அல்லர். "பாதிரியாரே, பாதிரியாரே" என்றுதான் கூவினார். நாம் கனவென எண்ணி, எழச் சற்றுத் தாமதித்தோம். வண்டி நேரத்திற்கு மருத்துவமனை சேர்ந்தது, பையன் பிழைத்தான். அத்தாமதத்தின் நினைவு மட்டும் நம்மை விட்டகலவில்லை.

விண்ணப்பம் கையொப்பமின்றி நம் மேசைமீது கிடக்கிறது. வெளியே நடத்துநர், "பாதிரியார் பங்களா எல்லாம் இறங்கு" என்று குரல் கொடுக்கிறார்.