நிலமும் வழக்கும் சொல்லும் வம்சம்

வர்ஜீனியாவில் 17-ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஆங்கிலேயக் குடும்பத்தைத் தேடுவோருக்கு நிலப் பட்டாவே முதல் படி. 1618-இல் வந்த ஏற்பாட்டின்படி, கப்பல் செலவு ஏற்று ஆள் கொண்டுவந்தவருக்குத் தலைக்கு 50 ஏக்கர் கிடைத்தது. வந்தவர்களின் பெயர்கள் பட்டாவில் பதிவாயின. ஆனால் அந்த உரிமை விலைக்கும் கைமாறியதால், பட்டாவின் ஆண்டையே வந்த ஆண்டாகக் கொள்ள முடியாது.

அடுத்தது கிரயப் பத்திரம். ஓடை, ஓக் மரம், பக்கத்து நிலக்காரர் என்று அது எல்லை சொல்லும். ஒரே பெயர்கொண்ட இருவரைப் பிரித்தறிய இந்த எல்லைகளே கைகொடுக்கும். மனைவி தன் விதவைப் பங்கை விட்டுக்கொடுத்த குறிப்பில் அவர் பெயர் தெரியவரும்.

கவுண்டி (மாவட்ட) நீதிமன்ற ஏடுகளில் கடன் வழக்கு, உயில், தந்தையை இழந்த பிள்ளைகளுக்கான காப்பாளர் நியமனம் ஆகியவை கிடைக்கும். உயிலின்றி இறந்தவரின் நிலம் அக்காலச் சட்டப்படி மூத்த மகனைச் சேர்ந்தது. எனவே, வாங்கியதற்குப் பத்திரமே இல்லாத நிலத்தை ஒருவர் விற்றிருந்தால், அதுவே வாரிசு உறவுக்குத் தடயமாகலாம்.

1865-இல், அமெரிக்க உள்நாட்டுப் போரின் இறுதியில், வர்ஜீனியாவின் தலைநகரான ரிச்மண்ட் எரிந்தபோது, பாதுகாப்புக்காக அங்கே அனுப்பப்பட்ட பல கவுண்டிகளின் ஏடுகள் அழிந்தன. அத்தகைய இடங்களில், மாகாண அளவில் காக்கப்பட்ட பட்டாப் பதிவேடுகளும் பக்கத்துக் கவுண்டிகளின் வழக்கேடுகளுமே துணை.