வெற்றிக்குப் பின் எழுதப்படும் உத்தி

உத்திசார் மேலாண்மையைப் படிக்க வருபவரை முதலில் மலைக்க வைப்பது அதிலுள்ள சிந்தனைப் பள்ளிகளின் எண்ணிக்கை. ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் 1912-இல் 'வணிகக் கொள்கை' என்ற ஒரு பாடமாக வேர்விட்ட துறை இது. 1998-இல் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் இருவரோடு சேர்ந்து கணக்கெடுத்தபோது அதில் பத்துப் பள்ளிகள் கிளைத்திருந்தன. முறையாகத் திட்டமிடுவதே உத்தி என்பார் ஒரு சாரார். சந்தையில் தக்க இடத்தைப் பிடிப்பதே உத்தி என்பார் இன்னொரு சாரார். செய்து, தவறி, கற்றுக்கொள்ளும் போக்கில்தான் அது உருவாகிறது என்பார் வேறு சிலர். பாடநூல்கள் இதைக் கோட்பாட்டுச் சண்டையாகவே அறிமுகம் செய்கின்றன. என் கருத்தில் பிளவின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. எந்தச் சான்றை, எந்தக் காலத்தில் நின்று எடுத்தார்கள் என்பதுதான் ஒரு பள்ளியை மற்றொன்றிலிருந்து பிரிக்கிறது. தரத்தை அளக்கும் கோலும் அதுவாகவே இருக்க வேண்டும்.

இந்தக் கோலுக்கு நன்றாக ஈடுகொடுப்பவர் ஆல்ஃப்ரெட் சாண்ட்லர். 1962-இல் வந்த அவர் நூல் ட்யூபாண்ட், ஜெனரல் மோட்டார்ஸ், நியூ ஜெர்சி ஸ்டாண்டர்ட் ஆயில், சியர்ஸ் ரோபக் ஆகிய நான்கு நிறுவனங்களின் உள்ளாவணங்களைத் தோண்டி எழுதப்பட்டது. முதல் உலகப் போருக்குப் பின் வெடிமருந்திலிருந்து பெயின்ட், சாயம் எனப் பரவிய ட்யூபாண்ட், பழைய நிர்வாக அமைப்பால் அவற்றைக் கட்டியாள முடியாமல் திணறி, 1921-இல் தனித்தனிப் பிரிவுகளாக மாறிய கதையை அவர் அன்றைய தாள்களிலிருந்தே எடுத்துக் காட்டினார். முடிவெடுத்தவர்களுக்கு விளைவு தெரியாது என்பதை அந்தத் தாள்கள் மறக்க விடுவதில்லை. வரலாற்றாசிரியரின் இந்தப் பொறுமையைப் பின்வந்த பள்ளிகள் எல்லாம் கடைப்பிடிக்கவில்லை.

ஹோண்டாவை எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் தொழில் ஏன் சரிந்தது என ஆராய அந்நாட்டு அரசு கேட்டபடி, பாஸ்டன் கன்சல்டிங் குரூப் 1975-இல் ஓர் அறிக்கை தந்தது. சிறிய வண்டிகளைப் பெருமளவில் தயாரித்து, செலவைக் குறைத்து, அந்தப் பலத்தோடு ஜப்பானியர் வெளிநாட்டுச் சந்தைகளில் முன்னேறினர் என்றது அது. ரிச்சர்ட் பாஸ்கேல் 1982-இல், ஹோண்டாவை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்ற ஆறு அதிகாரிகளை நேரில் கேட்டு, 1984-இல் வேறு கதையை வெளியிட்டார். அவர்கள் 1959-இல் லாஸ் ஏஞ்சலீஸில் கடை விரித்தது பெரிய வண்டிகளை நம்பித்தான். அமெரிக்கர்கள் வெகுதூரம், வெகுவேகமாக ஓட்டியதில் எண்ணெய் ஒழுகியது, கிளட்ச் பழுதானது. அதிகாரிகள் ஊருக்குள் சொந்த வேலைக்கு ஓட்டிய 50 சிசி சூப்பர் கப்தான் மக்கள் கண்ணில் பட்டது. அதை விற்க வேண்டிய நிலைக்கு நிறுவனம் தள்ளப்பட்டது. பின்னர் கோயம்புத்தூரில் பிறந்த சி. கே. பிரகலாத், கேரி ஹாமெலோடு 1990-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அதே ஹோண்டா மீண்டும் வருகிறது. இம்முறை எஞ்சின் செய்வதில் அது வளர்த்துக்கொண்ட மையத் திறமைக்குச் சான்றாக! ஒரே நிறுவனம் மூன்று வெவ்வேறு விளக்கங்களுக்கும் சாட்சி சொல்கிறது என்றால், வெற்றி பெற்றவரை வைத்து எந்தக் கோட்பாட்டையும் நிறுவிவிடலாம் என்றுதானே பொருள்?

பாஸ்கேல் கேட்டதும் இருபது ஆண்டுக்குப் பிந்திய நினைவைத்தானே, அது மட்டும் எப்படிச் சுத்தமான சான்று என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வென்றவரின் நினைவு, தன் திட்டத்தைப் பெரிதாக்குவது போலவே தன் தற்செயலையும் அழகாக்கும். பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பின் அறிக்கையை எழுதியவர்களில் ஒருவரான மைக்கேல் கூல்டு இன்னொரு மறுப்பை வைத்தார்: ஹோண்டா எப்படி வென்றது என்று வரலாறு எழுதுவது எங்கள் வேலையல்ல, இனி என்ன செய்யலாம் என்று சொல்வதே எங்கள் வேலை. இது வலுவான வாதம். ஆலோசகருக்கும் வரலாற்றாசிரியருக்கும் கேள்வி வேறு என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் ஆலோசகரின் விடை வகுப்பறைக்குள் வந்ததும் வரலாறாக மாறிவிடுகிறது. 'ஹோண்டா இப்படித்தான் திட்டமிட்டது' என்று மாணவர் எழுதி மதிப்பெண் பெறுகிறார். பிழை அங்கேதான் நுழைகிறது.

வென்றவர்களை மட்டும் எண்ணும் பழக்கம் இதைவிடக் கேடானது. பீட்டர்ஸும் வாட்டர்மேனும் 1982-இல் எழுதிய நூல் 43 சிறந்த நிறுவனங்களின் பண்புகளைப் பட்டியலிட்டது. இரண்டே ஆண்டில் அவற்றுள் சில தடுமாறின. அதே பண்புகளைக் கொண்டிருந்தும் தோற்ற நிறுவனங்கள் எத்தனை என்று எண்ணாதவரை அந்தப் பட்டியலுக்குச் சான்று மதிப்பு குறைவு. மைக்கேல் போர்ட்டரின் ஐந்து விசைகள், ஒரு துறையின் இலாபம் ஏன் மெலிகிறது என்பதை முன்கூட்டியே கேட்க வைப்பதால் இந்தக் குறைக்குக் கொஞ்சம் தப்புகின்றன. ஒரே துறைக்குள் இரு நிறுவனங்கள் ஏன் வேறுபடுகின்றன என்பதில்தான் அவை திக்குகின்றன.

நம் பக்கத்து எடுத்துக்காட்டு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. பிரகலாத்தின் 2004-ஆம் ஆண்டு நூலும் அதை எடுத்துக்காட்டாகப் பேசியது. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி அதைத் தொடங்கியபோது இருந்தவை 11 படுக்கைகள். விழிலென்ஸைத் தானே தயாரிக்க அம்மருத்துவமனை அரோலேப் என்ற ஆலையைத் தொடங்கியது 1992-இல். இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவே எடுத்த ஒவ்வொரு முடிவும் இன்று பார்க்க ஒரே நேர்கோடாகத் தெரிகிறது. ஆகவே வகுப்பில் ஆசிரியர் 1992-க்குப் பிந்திய பக்கங்களை மூடி வைத்துவிட்டு, அன்று கையிலிருந்த விவரங்களை மட்டும் மாணவர் முன் வைக்கட்டும்: ஒரு மருத்துவமனை லென்ஸ் தொழிற்சாலை தொடங்கலாமா, கூடாதா? மாணவர் காரணத்தோடு தன் முடிவை எழுதித் தந்த பிறகு அடுத்த பக்கத்தைத் திறக்கலாம்.