அடங்காத டேப்பட் சத்தம்: யாழ்ப்பாணத்துக் கராச்சும் கோவைப் பட்டறையும்

பிரித்து வேலை பார்த்துச் சேர்த்த கார் என்ஜின் ஓடத் தொடங்கிய பின்னும் அதன் தலைப்பகுதியில் ‘டிக், டிக்’ என்ற தட்டல் ஓயாமல் கேட்டால், அதைத் தமிழ்நாட்டுப் பட்டறைகளும் இலங்கையின் வடபகுதிக் கராச்சுகளும் டேப்பட் சத்தம் என்றே அழைக்கின்றன. சொல் ஒன்றாக இருப்பினும், அச்சத்தத்தின் மூலத்தைத் தேடிச் செல்லும் வழி இரு கரைகளிலும் ஒன்றாக அமையவில்லை. உதிரிப்பாகம் எளிதில் கிடைக்கும் ஊரில் வளர்ந்த கைக்கும், கிடைக்காத ஊரில் வளர்ந்த கைக்கும் இடையே உள்ள வேறுபாடு வேறெந்த வேலையையும் விட இவ்வேலையில் தெளிவாகப் புலப்படுகிறது. இங்கு இலங்கை என்பது பெரும்பாலும் யாழ்ப்பாணத்தையும், இந்தியா என்பது பெரும்பாலும் கோவையையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் குறிக்கும்.

ஒப்பீட்டுக்கு உகந்த சான்று ஒன்று இரு நாடுகளிலும் ஒருசேரக் கிடைக்கிறது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை செய்யப்பட்ட அம்பாசடர் கார், பிரித்தானியாவின் மொரிஸ் ஒக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் வழிவந்தது. அதில் நெடுங்காலம் இருந்த 1,489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள ‘பி சீரிஸ்’ பெட்ரோல் என்ஜினே யாழ்ப்பாணத் தெருக்களில் இன்றும் காணக்கூடிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ 55 கார்களிலும் உள்ளது. மொரிஸ் மைனரில் இருப்பது அதன் தம்பி முறையான ‘ஏ சீரிஸ்’ என்ஜின். இவ்விரு என்ஜின்களிலும் கேம் தண்டு, அதாவது முட்டை வடிவப் புடைப்புகள் கொண்ட சுழல்தண்டு, என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் கீழே இருக்கிறது. புடைப்பு தன்மேல் அமர்ந்துள்ள டேப்பட் என்னும் சிறு உருளையை உயர்த்த, டேப்பட் புஷ் ராட் எனப்படும் நீண்ட கம்பியைத் தள்ள, அக்கம்பி தராசுக்கோல் போல அசையும் ராக்கரின் ஒரு முனையைத் தூக்க, ராக்கரின் மறுமுனை வால்வை அமுக்கித் திறக்கிறது. சூட்டில் வால்வுத் தண்டு நீளும் என்பதால் ராக்கருக்கும் வால்வுக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி விடப்படுகிறது. பி சீரிஸ் என்ஜினுக்கு அது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, ஏ சீரிஸுக்கு 12 பங்கு. இந்த இடைவெளி மிகுந்தால் ராக்கர் வால்வை அமுக்குவதற்குப் பதிலாக அடிக்கத் தொடங்குகிறது.

யாழ்ப்பாணத்து மெக்கானிக்கின் முறையை உருவாக்கியது போர்க்காலத் தட்டுப்பாடு. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது பெட்ரோல், பற்றரி, உதிரிப்பாகங்கள் ஆகியவை வடக்குக்குச் செல்ல இயலாத நிலை ஏற்பட்டு, ஏ 9 நெடுஞ்சாலை 2002 வரை மூடியே கிடந்தது. அக்காலத்தில் பழைய ஒஸ்ரின்களும் மொரிஸ்களும் சிறிதளவு பெட்ரோலில் உயிர்பெற்று, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறி ஓடின; மக்களை ஏற்றியதும் நோயாளிகளைச் சுமந்ததும் இந்த வண்டிகள்தாம். இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை இருந்தது. பெட்ரோலைப் போல எளிதில் ஆவியாகாத மண்ணெண்ணெயின் ஒரு பகுதி எரியாமல் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே இறங்கி என்ஜின் ஒயிலில் கலந்தது, ஒயில் நீர்த்தது, நீர்த்த ஒயில் ராக்கர் தண்டில் தங்கவில்லை, எனவே இடைவெளி சரியாக இருந்த என்ஜின்களும் தட்டின. டேப்பட் சத்தம் என்று கேட்டவுடன் ஒயில் அளவுக்கோலை உருவி, விரல்களுக்கிடையே தேய்த்து, முகர்ந்து பார்க்கும் வழக்கம் அக்காலத்தின் கொடை என்று கொள்வதற்கு இடமுண்டு. அதைச் சிறிய வழக்கமாக எண்ணலாகாது. நீர்த்த ஒயிலோடு நிற்கும் என்ஜினில் ராக்கரை மாற்றுவது, காய்ச்சல்காரனுக்குச் சட்டையை மாற்றுவதற்கு ஒப்பாகும்.

பாகத்தை மாற்ற வழியில்லாதபோது, பிரிப்பதற்கு முன் கேட்பதே முதல் வேலையாகிறது. இதற்குரிய கணக்கு எளியது. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு இரு சுற்றுச் சுற்றும்போது கேம் தண்டு ஒரு சுற்றே சுற்றுவதால், நிமிடத்துக்கு 800 சுற்றில் என்ஜின் நின்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் 400 முறை திறக்கிறது. ஒரே வால்வு தட்டினால் நொடிக்கு ஆறு ஏழு தட்டல்கள் காதால் எண்ணும் அளவுக்குத் தனித்தனியே விழும், எட்டு வால்வுகளும் தட்டினால் சலசலப்பாகக் கலந்துவிடும். தனித்த தட்டல் ஓர் இடத்துக் குறையையும், சலசலப்பு ஒயில் வராமை போன்ற பொதுக் குறையையும் சுட்டுகின்றன. அடுத்து, ஒரு சிலிண்டரின் பிளக் வயரைக் கழற்றிப் பார்த்தால், பிஸ்டன் பின்னிலோ பேரிங்கிலோ எழும் ஓசை எரிப்பின் அழுத்தம் நீங்கியதும் குறையும், வால்வுச் சத்தம் மாறாமல் நிற்கும். நீண்ட திருப்புளியின் பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்தி, அதன் நுனியை ராக்கர் மூடியின் மேல் இடம் இடமாக வைத்து ஓசை தடிக்கும் புள்ளியைத் தேடுவது இரு நாடுகளுக்கும் பொது. அதன்பின் மூடியைக் கழற்றி, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய எஃகுத் தகட்டை ஒவ்வொரு ராக்கருக்கும் வால்வுக்கும் இடையே நுழைத்தால், எவ்விடத்தில் தட்டல் சட்டென்று நிற்கிறதோ அதுவே குற்றமுள்ள வால்வு. எதிலும் நிற்காவிட்டால் சத்தம் வேறிடத்தில் எழுகிறது என்று பொருள். கேம் தண்டால் இயங்கும் பெட்ரோல் பம்பும், புகைப்போக்கி இணைப்பில் ஓட்டைவிழுந்த கேஸ்கட் என்னும் அடைப்புத் தகடும் டேப்பட் சத்தம் போலவே தட்டிப் பலரை ஏமாற்றியிருக்கின்றன.

கோவையிலும் சேலத்திலும் நிலைமை வேறு. அங்கே ஓர் என்ஜின் வேலை பல கைகளுக்குப் பிரிந்து செல்கிறது. பட்டறைக்காரர் என்ஜினை இறக்கிப் பிரிக்கிறார், பிளாக் அதன் சிலிண்டர் துளைகளைக் கடையும், அதாவது போர் பண்ணும், கடைக்கும், வால்வுகள் அமரும் தலைப்பகுதியான ஹெட் வால்வு வேலை செய்யும் கடைக்கும், கிராங்க் அரைக்கும் லேத்துக்கும் போய்த் திரும்புகிறது, அவர் எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டுகிறார். பம்புசெட்டும் நெசவு இயந்திரமும் வளர்த்த கடைசல் தொழில் அப்பகுதியில் ஆழமாக வேரூன்றியிருப்பதால், வால்வு நழுவியேறும் வழிகாட்டிக் குழலைப் புதிதாகக் கடைந்து பொருத்துவதும், வால்வு இருக்கையைக் குழலின் நடுக்கோட்டுக்கு ஒத்துவர வெட்டுவதும் வண்டி நிற்கும் தெருவை விட்டு அதிக தூரம் போகாமலே நிறைவேறும். இருக்கை அரை மயிரிழை கோணினாலும் வால்வு ஒவ்வொரு முறையும் ஒரு பக்கமாக மோதி ஒலியெழுப்பும். அதை எந்தக் காதும் திருத்த முடியாது, கடைசல் பொறி மட்டுமே திருத்தும். இவ்வகையில் யாழ்ப்பாணம் கோவைக்கு ஈடாகாது என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

ஆனால், பாகம் மலிவாகக் கிடைப்பதால் மாற்றிப் பார்ப்பதே தமிழ்நாட்டில் நோயறியும் முறையாகவும் ஆகிவிடுகிறது. சத்தம் கேட்டால் ராக்கர் செட் முழுவதையும் மாற்றுவது, அடங்காவிட்டால் டேப்பட்டுகளை மாற்றுவது, பிறகு கேம் தண்டு என்று வரிசை நீளும். பி சீரிஸ் என்ஜினில் இம்முறைக்கு மறைவான ஒரு தண்டனை உண்டு. ராக்கர் தண்டைத் தாங்கும் கால்களை இறுக்கும் நட்டுகளில் நான்கு, சிலிண்டர் ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. ஆகவே தண்ணீரை வடித்து, ஹெட் நட்டுகள் அனைத்தையும் படிப்படியாகத் தளர்த்திய பின்னரே ராக்கரை எடுக்க வேண்டும். அவசரத்தில் அந்த நான்கை மட்டும் கழற்றினால் ஹெட் கோணலாக இழுபட்டு, நன்றாக இருந்த கேஸ்கட்டும் கெடும். ஒரு சத்தத்தைத் தேடப்போய்த் தண்ணீர்க் கசிவை வாங்கி வருவது இப்படித்தான்.

புதிதாகச் சேர்த்த என்ஜினில் அடங்காத சத்தத்துக்குத் தேய்ந்த பாகத்தைவிட அளவின் பிழையோ சேர்க்கையின் பிழையோ காரணமாவதே மிகுதி. பழைய ராக்கர் ஒன்றைத் திருப்பி, வால்வில் படும் அதன் மூக்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இது விளங்கும். பல்லாண்டு ஒரே இடத்தில் அமுக்கியதால் அங்கே நகம் தட்டுப்படும் அளவு ஒரு குழி விழுந்திருக்கும். வால்வுத் தண்டின் முனை அக்குழிக்குள் இறங்கும், ஆனால் அதைவிட அகலமான ஃபீலர் கேஜ் தகடு குழியின் இரு கரைகளிலும் பாலம் போலக் கிடக்கும். குழி ஆயிரத்தில் ஐந்து பங்கு ஆழமென்றால், தகடு 15 என்று காட்டும் இடத்தில் உண்மையான இடைவெளி 20. எத்தனை முறை செட்டிங் செய்தாலும் தட்டல் தீராததற்கும், செய்தவர் தம் அளவில் உறுதியாக நிற்பதற்கும் இதுவே காரணம். ராக்கர் கிடைக்காத ஊரில் அக்குழியை எண்ணெய்க் கல்லில் வளைவு கெடாமல் தேய்த்து நீக்கினார்கள். மேற்பரப்பின் கடினத் தோல் மெல்லியது என்பதால் ஓர் எல்லைக்கு மேல் தேய்த்தால் உள்ளிருக்கும் மென்மையான எஃகு வெளிப்பட்டு விரைவில் மீண்டும் குழியும். தமிழ்நாட்டு வழக்கப்படி புதிய ராக்கர் போடுவது இங்கே சிறந்த தீர்வு. ஆனால் குழியைக் கண்டறிந்து போடுவதற்கும், எதையோ மாற்றுவோம் என்று போடுவதற்கும் இடையே பெரும் தூரம் உள்ளது.

சேர்க்கைப் பிழைகளில் முதன்மையானது ஒயில் வழி. ராக்கர் தண்டுக்கு ஒயில் கேம் பேரிங் ஒன்றிலிருந்து பிளாக்கையும் ஹெட்டையும் ஊடுருவி ஒரே ஒரு காலின் வழியாக ஏறுகிறது. புதிய பேரிங்கை அடித்து ஏற்றும்போது அதன் துளை சற்று விலகினாலோ, கேஸ்கட் துளையை மறைத்தாலோ, ராக்கர் தண்டு முன்பின்னாகத் திரும்பினாலோ அழுத்தமானி நல்ல அளவைக் காட்டிக்கொண்டிருக்க மேலே வறட்சி நிலவும். மூடியைத் திறந்து, என்ஜினை ஓடவிட்டு, எட்டு ராக்கர்களிலும் ஒயில் கசிந்து வழிகிறதா என்று கண்ணால் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. வேலைகள் பல கைகளுக்குப் பிரியும் இடத்தில் அது யாருடைய கடமை என்பது தெளிவற்றுப் போவதால் இந்த ஐந்து நிமிடம்தான் அடிக்கடி விடுபடுகிறது. இன்னொன்று, மேடுபள்ளத்தை நிரவ ஹெட்டின் முகத்தைச் சீவுவது. ஹெட் தாழ்ந்தால் புஷ் ராட் அந்த அளவுக்கு நீண்டது போலாகி, ராக்கர் சாய்ந்து, அதன் மூக்கு வால்வுத் தண்டின் நடுவை விட்டு ஓரத்தில் ஊன்றி வால்வைப் பக்கவாட்டில் தள்ளும். ராக்கர் கால்களின் அடியில் சீவிய அளவுக்கு ஏற்ற தகடுகளை இடுவதே இதற்கு மருந்து. சீவிய அளவை லேத்துக்காரர் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். அந்தத் தாள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை.

இலங்கை முழுவதும் யாழ்ப்பாணத்து வழக்கைக் கொண்டது என்று கருதிவிடலாகாது. ஜப்பானிலிருந்து வந்த பழைய என்ஜின்கள் முழுதாகக் கிடைக்கும் கொழும்பின் பஞ்சிகாவத்தையை அடுத்து வாழும் மெக்கானிக்குகள், சென்னைப் புதுப்பேட்டையை நம்பும் மெக்கானிக்குகளைப் போலவே, சத்தமிடும் என்ஜினை இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றும் பழக்கம் உடையவர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, அத்தடை 2025 வரை நீடித்தபோது கையில் இருக்கும் வண்டியைக் காக்கும் நெருக்கடி தெற்கையும் சூழ்ந்தது. அம்பாசடரின் உற்பத்தி 2014இல் நின்றதால் தமிழ்நாட்டிலும் அதன் நல்ல பாகங்கள் அருகி வருகின்றன; சந்தையில் புதிதாகக் கிடைக்கும் டேப்பட்டின் அடிமுகம் உரிய நுண்ணிய குவிவின்றித் தட்டையாக வந்தால் அது சுழலாமல் ஒரே இடத்தில் உராய்ந்து, கேம் புடைப்பையே சில நூறு கிலோமீட்டரில் அரித்துவிடும்.

இரு கரைகளுக்கும் பொதுவான ஒரு தவறு மிக அபாயமானது: சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காக இடைவெளியை உரிய அளவுக்குக் கீழே இறுக்குவது. வண்டிக்காரர் அமைதியைக் கேட்டு மகிழ்ந்து பணம் கொடுத்துச் செல்வார். ஆனால் சூடேறிய புகைவால்வு தன் இருக்கையில் முழுதாக அமராது, அமர்ந்தால்தான் இருக்கை வழியே சூடு இறங்கும் என்பதால் அதன் விளிம்பு கருகி ஓட்டையாகும். புதிதாகச் சேர்த்த என்ஜினில் இந்த ஆபத்து இரட்டிக்கிறது; முதல் சில நூறு கிலோமீட்டரில் கேஸ்கட் அமுங்க, ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கும்போது ஹெட் இன்னும் சற்றுத் தாழ்ந்து, இடைவெளி தானாகவே குறைகிறது. ஆகையால் அந்த இறுக்கத்துக்குப் பின் எட்டு வால்வுகளையும் மீண்டும் அளந்தே ஆகவேண்டும். எட்டாவது வால்வு முழுதும் திறந்திருக்கும்போது முதலாவதையும், ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதையும் என, இரண்டின் கூட்டு எப்போதும் ஒன்பதாக வரும்படி அளக்க வேண்டும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கை வேலை பார்த்த யாழ்ப்பாணக் கராச்சு அந்த வண்டியைத் திரும்பக் கூப்பிடும். கோவையில் போர் போட்டவரும் ஹெட் செய்தவரும் பூட்டியவரும் தத்தம் வேலை முடிந்ததென்று இருக்க, கூப்பிட வேண்டியவர் யார் என்பது பில்லில் எழுதப்படாமல் இருக்கிறது.