அலமாரியில் அடைபட்ட ஒலி

காத்தோங்கிலுள்ள நண்பர் ஒருவர் இல்லத்தில் அலமாரி நிறைய அரக்கு இசைத்தட்டுக்களைக் கண்டோம். மேனாட்டுப் படக்கொட்டகை ஆர்கன் இசையும் நம் நாடகப் பாட்டுக்களும் அடுத்தடுத்து நின்றன. கருவி வேறாயினும், தொழிலால் ஆர்கனும் நம் ஆர்மோனியமும் உறவே என்பது நமது துணிபு.

ஊமைப்பட நாளில், வாத்தியக் கோஷ்டி முழுவதன் வேலையையும் ஒருவரே செய்ய அமைந்தது கொட்டகை ஆர்கன். 1927-க்குப் பின் பேசும்படம் பரவவே அதன் பிழைப்புப் போயிற்று. ஒலி தட்டுக்களில் தங்கிற்று. நம் நாடக மேடையில் அவ்வேலையைச் செய்தது ஆர்மோனியம். 1933-இல் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் குரலை நமக்குத் தந்தது தட்டே. அகில இந்திய ரேடியோவோ 1940-இல் ஆர்மோனியத்தை விலக்கிற்று. 1971 வரை அத்தடை தளரவில்லை. கமகத்தை இழைக்க அதனால் இயலாது என்றனர். அக்குறை மெய்யே. ஆயினும், ஒலிபெருக்கி இல்லாக் கொட்டகையில் கடைசி வரிசைக் கூலியாளுக்கும் சுருதி எட்டச் செய்த கருவியை அக்குறை ஒன்றால் மட்டும் அளப்பது நியாயமாகுமா?

சேகரிப்போரிடமும் நமக்கு ஒரு வழக்குண்டு. பாடினோர் பெயரை மனப்பாடமாய்ச் சொல்வர். உடன் வாசித்தவர் யாரெனின் விழிப்பர். நிமிஷத்துக்கு 78 சுற்று, பக்கத்துக்கு ஏறக்குறைய 3 நிமிஷம். அதற்குள் பாட்டுக்கு நடுவே ஆர்மோனியம் ஓடும் இடத்தைக் காதுகொடுத்துக் கேட்டவர் எத்தனை பேர்? சாராயம் அரக்கைக் கரைக்குமென அறிந்து, அதனால் துடையாதிருப்பது நன்று. கேளாமலே பூட்டிவைப்பது நன்றன்று.

தோட்டத்திலும் பட்டணத்திலும் பாட்டனார் பெட்டியில் தட்டு வைத்திருக்கும் அன்பர்கள், பக்கத்துக்கொரு புது ஊசியிட்டு அதைப் பாடவைப்பார்களாக. வாசித்தவர் பெயர் தெரிந்தால் உறையின்மேல் எழுதிவைப்பார்களாக. பெயரின்றிப் போன உழைப்பாளிக்கு நாம் செய்யக்கூடிய நீதி அதுவே.